வெயிலில் வைத்தது அக்கா இல்லை

எங்கள் அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. "அம்மாவோட நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும் சித்தி" என்று அக்கா மகன் வந்து நின்றபோது, மறுபேச்சில்லாமல் சரி என்றேன். நம் சொந்தத்தில் அக்காவை 'வெயில்காரி' என்று கேலி பேசாதவர்கள் கிடையாது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா பிறந்தது ஏழாயிரம்பண்ணையில். அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. எட்டாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. சிவகாசியில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் தச்சு வேலைக்காரர். அச்சகங்களுக்கு மெஷின் வந்திறங்கும் பெட்டிப் பலகைகளை வாங்கி ரேக்கும் மேசையும் அடிப்பார். அவர் சீக்கிரமே போய்விட்டார். கைக்குழந்தையோடு நின்ற அக்கா, வீட்டில் கிடந்த துண்டுப் பலகைகளை எடுத்துப் பேனா ஸ்டாண்ட், விசிட்டிங் கார்டு பெட்டி, மேசைக் காலண்டர் ஸ்டாண்ட் என்று செய்ய ஆரம்பித்தார். "பொம்பளைக்கு எதுக்கு ரம்பம்?" என்று கேட்டவர்களும் இதை வாசிக்கிறீர்கள். உங்கள் வீட்டு மேசையில் நிற்பதும் அக்கா கை ஸ்டாண்டுதான், போய்ப் பாருங்கள்.

அக்கா ஆணி அடிக்க மாட்டார். எல்லாம் பசையும் பொருத்தும்தான். பலகையின் வெட்டு முனை பசையைக் குடித்துவிடும் என்று, அங்கே மட்டும் ஒரு கை தடவி, அது இழுத்த பிறகு இன்னொரு கை தடவுவார். பிறகு சைக்கிள் டியூபை வெட்டிய பட்டையால் சுற்றி இறுக்குவார். ஓரத்தில் பசை மணிமணியாக எட்டிப் பார்த்ததும் கை நின்றுவிடும். "இதுக்கு மேல இறுக்குனா உள்ள ஒண்ணும் இருக்காது புள்ள, அம்புட்டும் வெளிய வந்துரும்" என்பார். அவர் ஒட்டிய மூலை கைதவறிக் கீழே விழுந்தாலும் பிரியாது. தங்கை என்பதற்காக நான் கூட்டிச் சொல்லவில்லை.

என் வாழ்க்கை சரியில்லாமல் நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய வருடம், அக்கா என்னைத் தன்னோடு வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அதற்கு முன் நாரணாபுரத்தில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை என்றால் எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா என்ற திமிர் எனக்கு. குழாய் ஒட்டினால் வெயிலில் பரப்ப வேண்டும், வெயில் இல்லாவிட்டால் வேலை இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புத்தாண்டு நெருங்கிய நேரம். ஓர் அச்சகத்துக்கு இருநூறு காலண்டர் ஸ்டாண்ட் ஆர்டர். ஒட்டி முடித்த மறுநாள் காலையில் அக்கா சாத்தூருக்கு ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்பினார். "எல்லாம் நிழல்லயே இருக்கட்டும். நாளைக்கு நான் பாத்துட்டுத்தான் பட்டைய அவுக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நாலு நாள் மழைக்குப் பிறகு அன்றைக்குச் சுள்ளென்று வெயில். விடுவேனா? பட்டைகளை அவிழ்த்து, இருநூறையும் மொட்டை மாடியில் குழாய் பரப்புவதைப் போலப் பரப்பினேன். அக்கா வந்து பார்த்து மெச்சுவார் என்றுகூட நினைத்தேன்.

மதியத்துக்குள் பலகைகள் வளைந்து, மூலைகள் எல்லாம் வாயைப் பிளந்துவிட்டன. அக்கா வரவும், வேலையைப் பார்க்க அச்சக மேனேஜர் வரவும் சரியாக இருந்தது.

"என்னம்மா இது, வெயில்லயா வச்சீக?" என்றார் அவர்.

அக்கா என்னைப் பார்த்தார். அடுத்த நொடியே, "ஆமா சார், நாந்தான் வச்சேன். எட்டு நாள் குடுங்க, நானே கொண்டாந்து தாரேன்" என்றார். நான் குனிந்து ஸ்டாண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். மேனேஜர் போகிற வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார். பெயர் அப்படி வந்ததுதான்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீக?" என்று அழுதேன்.

"ஒம்பேரச் சொன்னா நாளைக்கு நீ இங்கன வருவியா? ஊரு ஏற்கெனவே ஒன்னப் பேசுறது பத்தாதா? பேசாமச் சுரண்டு" என்றார்.

பழைய பசை மேல் புதுப் பசை பிடிக்காது, மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். எட்டு நாளும் சுரண்டினோம், வளைந்த பலகைகளை மாற்றினோம், மறுபடி ஒட்டி நிழலில் வைத்தோம். சொன்ன நாளில் இருநூறும் போய்ச் சேர்ந்தன. அந்த அச்சகம் அதற்குப் பிறகு ஒரு சீசன்கூட வேறு ஆளிடம் போகவில்லை. நானும் வேலையை விடவில்லை. இன்றைக்கு என் கையால் ஒட்டிய மூலையும் பிரியாது.

ஆனால் கல்யாண வீடுகளில் 'வெயில்காரி வந்தாச்சு' என்று நீங்கள் சிரித்தபோது, நானும் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் கூசுகிறது.

கடைசியாக மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் சொந்தக்காரர் ஒருவர், "என்ன வெயில்காரி, எந்திரிச்சு வாங்க, வெளிய நல்லா வெயிலடிக்குது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினார். "சும்மா இரு புள்ள. அது எம்பேரு" என்றார். இரண்டு நாளில் போய்விட்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மாறி மாறிச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், எங்களோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

இனி எந்த வீட்டு விசேஷத்திலாவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தோன்றினால், என்னைக் கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.