டெய்லர் பாயின் கழுத்து

என் கையெழுத்து மோசம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்பது இன்றும் எனக்குக் குழப்பம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேச வராததால் எழுதுகிறேன். எதிரே கொடியில் நீலக்கோடு போட்ட சட்டை ஒன்று தொங்குகிறது. அதன் மேல் பொத்தான் மட்டும் அரை விரல் தள்ளித் தைத்திருக்கும். அதைப் போட்டால் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக் கழுத்தைப் பிடிக்கும். டெய்லர் பாய் தைத்த கடைசிச் சட்டை அது.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். சீசனில் ஐந்தருவிப் பாதையில் வரிசையாகப் பெஞ்சு போட்டிருப்போம். உடம்பு முழுக்கத் தேய்த்து முடித்ததும் தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை வைத்துக் கழுத்தைச் சட்டென்று திருப்புவோம். ‘மடக்’கென்று சத்தம் வரும். அதைச் சொடுக்கு எடுப்பது என்போம். உள்ளே எது அப்படிச் சத்தம் போடுகிறது என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. சத்தம் வராவிட்டால் வந்தவன் முறைப்பான். வந்துவிட்டால் அடுத்த பெஞ்சுக்காரன் திரும்பிப் பார்ப்பான். பல வருஷம் அந்தச் சத்தம்தான் எனக்குப் பெருமை.

பாய்க்குத் தென்காசியில் தையல் கடை. வாலிபத்திலிருந்து மிஷின் மேல் குனிந்தே இருந்த கழுத்து. வலி தோளில் இறங்கி, வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போன பிறகு என்னிடம் வந்தார்.

“கலர் கலரா மாத்திரை தாரானுவ வே. நீரு ஒரு சொடுக்கு எடுத்து விடும்.”

எடுத்தேன். பிடரியில் தண்ணீர் விழும்படி அருவியில் நிற்கச் சொல்லி அனுப்பினேன். நனைந்து திரும்பியவர், “கழுத்து பூ மாதிரி இருக்கு வே” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக, வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து அவர் வந்தபோதெல்லாம் திருப்பினேன். ஆறு தடவையோ ஏழு தடவையோ.

பிறகு கத்தரிக்கோல் அவர் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. கடைப்படியில் ஒருநாள் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். “காலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு” என்று சிரித்தார். நான் பெரிய வைத்தியன் மாதிரி, “வாயு, பாய். இறங்கிரும்” என்றேன். எனக்குத் தெரியாத எல்லாவற்றுக்கும் நான் வைத்திருந்த பெயர் வாயு.

அவர் வீட்டம்மாதான் என் முகத்துக்கு நேரே கேட்டார்: “அவுக கழுத்து என்ன சோடா பாட்டிலா, திருவித் திருவித் தொறக்கதுக்கு?” மறுநாளே திருநெல்வேலிக்கு நரம்பு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்கள். மகன் வெளிநாட்டில் இருந்ததால் துணைக்கு நானும் போனேன்.

டாக்டர் ஊசி எதுவும் எடுக்கவில்லை. “சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போடுங்கள்” என்றார். எத்தனையோ ஆயிரம் பொத்தான் தைத்த கை. மேல் பொத்தானைப் பிடித்தது, நழுவவிட்டது, மறுபடி பிடித்தது. பாய் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வீட்டம்மா குனிந்து போட்டுவிட்டார்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டி டாக்டர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கிறது. அது தேய்ந்து பிதுங்கி நரம்பை அழுத்தினால் கை வலிக்கும், மரத்துப்போகும். பெரும்பாலும் மாத்திரையிலும் பயிற்சியிலும் சரியாகிவிடும். ஆனால் தண்டுவடத்தையே அழுத்தி, கைப்பிடி நழுவி, நடை தள்ளாடினால் காத்திருக்கக் கூடாது, ஆபரேஷன்தான். “தேய்மானம் பழையது. ஆனால் இந்தக் கழுத்தைத் திருகுவது விஷப்பரீட்சை. யாராவது திருப்பினார்களா?”

வீட்டம்மா என்னைப் பார்த்தார். பாய் பார்க்கவில்லை. “யாருமில்ல சார். நானே அப்பப்பத் திருப்பிக்கிடுவேன்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூச்சம் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். கூச்சமாவது! பயம், வெறும் பயம். அந்தச் சுத்தமான அறையில் என் கையிலிருந்து மட்டும் எண்ணெய் நாறியது.

ஆபரேஷனுக்குப் பிறகு நடை தேறியது. விரல்கள் பாதிதான் திரும்பின. கை பழகட்டும் என்று எனக்கு அளவெடுத்து இந்தச் சட்டையைத் தைத்தார். பொத்தான் தள்ளிப்போனது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. “மேல் பொத்தானப் போடாதேயும் வே, காத்து வரட்டும்” என்றார். அதன்பின் மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டார்.

இன்று காலை பெஞ்சில் ஒரு வாலிபன், “கழுத்துல ஒரு சொடுக்கு, அண்ணாச்சி” என்றான். இப்போதெல்லாம் நான் எடுப்பதில்லை என்றேன். “இவருக்குத் தெரியாது போல” என்று அடுத்த பெஞ்சுக்குப் போனான். ஏன் எடுப்பதில்லை என்று அவனிடம் சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ‘மடக்’கென்று கேட்டது. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து இந்தச் சட்டையை எடுத்து, முதல்முறையாக மேல் பொத்தானையும் போட்டுப் பார்த்தேன். இறுக்கியது. கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

யாராவது திருப்பினார்களா என்று டாக்டர் கேட்டார். நான்தான் சார் திருப்பினேன்.

ஆடி மாதம் மூன்றாம் தேதி.