பச்சைக்குள் நீலம்

ராவாங்கில் ஒரு பெயிண்டு தொழிற்சாலையில் எனக்குக் கலர் பார்க்கும் வேலை. டின்னில் இருப்பதும் அட்டையில் இருப்பதும் ஒன்றுதானா என்று சொல்லவேண்டும். என் கண் தப்பாது. தற்பெருமை என்றால் தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். பத்தாங் காலியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் பேரட்லெட் வளர்க்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டைவால் கிளி. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது குருவிதான்.

என் கணவரின் தங்கை அசாம் ஜாவா என்ற ஊரில் இருக்கிறாள். அவளிடம் ஒரு நீலப் பெட்டை இருந்தது. அதற்கு ஜோடியாக என் பச்சை ஆண் குருவியைக் கொடுத்தேன்.

“பச்சைதான். ஆனா உள்ளுக்குள்ள நீலம் இருக்கு. இவனோட அம்மா நீலம்,” என்றேன்.

அம்மா, அப்பா இரண்டு பக்கமும் நீலம் வந்தால்தான் குஞ்சில் அது வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பச்சைக்குள் ஒளிந்துகொள்ளும். இதை அவளுக்கு எத்தனையோ முறை சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் ஈட்டில் மூன்று குஞ்சு, மூன்றும் பச்சை. பாதிக்குப் பாதி வாய்ப்புதான், சில நேரம் அப்படி விழும். அவள் விடுவாளா? காதுகுத்து விருந்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது ஆரம்பித்தாள்.

“அண்ணி பெயிண்டு கம்பெனில. குருவிக்கு உள்பக்கமா அடிச்சிட்டாங்க போல, வெளிய தெரியவே மாட்டேங்குது லா.”

பந்தியே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது.

“அடுத்த ஈட்டுல நீலம் வரலைன்னா, இனிமே குருவியப் பத்தி நான் வாயே தொறக்கமாட்டேன்,” என்று சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

அடுத்த ஈட்டில் அவளுக்குப் பொறுமை இல்லை. இறகு முளைக்கும்போதே கூட்டுப் பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்பினாள். ‘நீலம் வந்துருச்சி. நீங்க ஜெயிச்சிட்டீங்க அண்ணி.’

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலம் இறக்கையிலும் இடுப்பிலும் மட்டும்தான். பச்சை ஆண் குருவிக்கே அது உண்டு. மற்ற இறகு வளர்வதற்கு முன் அந்த நீலம்தான் கண்ணில் படும்.

“அவளே ஒத்துக்கிட்டா, விடேன்,” என்றார் கணவர்.

எப்படி விடுவது? அந்த ஜெயிப்பு எனக்கு எதற்கு? உடனே கூப்பிட்டேன்.

“அது நீலம் இல்லம்மா. ஆம்பளப் பச்சை.”

“அப்போ நீங்க தோத்துட்டீங்க, அண்ணி,” என்றாள்.

“வேற குஞ்சு இல்லையா?”

“ஒன்னு இருக்கு. நோஞ்சான். தீனி பத்தாம வெளுத்துப்போய் கெடக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். அந்த நோஞ்சானைக் கையில் வாங்கி, தலையில் மெல்ல ஊதினேன். இறகு விலகியது. பச்சை இல்லை, மஞ்சள் பொட்டுக்கூட இல்லை. காலை வானம் மாதிரி வெளிர் நீலம். இறக்கையில் கருநீலம் இல்லாததால் பெட்டை என்றும் சொன்னேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

“அப்போ அந்தப் பச்சைங்க?”

“அம்மா நீலமாச்சே. எல்லாத்துக்குள்ளயும் நீலம் இருக்கு.”

தீபாவளிக்கு அவள் வீட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தோம். பச்சைக் குஞ்சு ஒன்றை வாங்கிப்போக அடுத்த வீட்டுப் பெண் வந்திருந்தாள். வாசலில் இவள் என் பேச்சை அப்படியே ஒப்பித்தாள்.

“பச்சைதான். ஆனா உள்ளுக்குள்ள நீலம் இருக்கு.”

“யாருக்கா உங்களுக்கு இந்தக் கதைய அவுத்து விட்டது?” என்று அந்தப் பெண் சிரித்தாள்.

என் நாத்தனாருக்கு வந்ததே கோபம்.

“எங்க அண்ணி சொன்னாங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்கன்னு நானே சொன்னப்பகூட, இல்ல, இது நீலம் இல்லன்னு சொன்ன மனுஷி லா அவங்க.”

என் கையெல்லாம் முறுக்கு மாவு. கண்ணைத் துடைக்க வழியில்லாமல் நின்றேன்.