ரொட்டி அண்ணியின் நகங்கள்

தெருவுக்கே அவள் ரொட்டி அண்ணி. ரொட்டிக்கடை கொழுந்தனுடையது. அவன் அண்ணி என்று கூப்பிட்டதையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணமாகி வந்த மறுவாரமே மாவில் கை வைத்தவள். தொட்டுப் பார்த்தே பதம் சொல்லிவிடுவாள். வாயும் சும்மா இருக்காது. யாராவது ரொட்டியை அழுத்திப் பார்த்தால், "அது என்ன தலகாணியா?" என்பாள்.

போன வருஷம் அவள் நகங்கள் மஞ்சளாகி, சதையை விட்டுத் தூக்கிக்கொண்டன. பூஞ்சை என்று மருந்துக்கடையில் கொடுத்த களிம்புக்கெல்லாம் அது அசைந்து கொடுக்கவில்லை. ஒருநாள் ஓர் அம்மாள் அவள் விரல்களைப் பார்த்துவிட்டு, எடுத்த ரொட்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். "கொஞ்ச நாள் நீங்க கல்லாவுல உட்காருங்க அண்ணி," என்றான் கொழுந்தன், முகத்தைப் பார்க்காமல். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் மாவு போனதும் அவள் வாயும் அடங்கிவிட்டது.

கடைசியில் புருஷன்தான் அவளைத் தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனான்.

"வேற எங்கயாவது தோல் உரியுதாம்மா?"

"இல்லைங்க."

"முழங்கையில செதில் செதிலா இருந்துச்சு டாக்டர்," என்றான் புருஷன். "உங்ககிட்ட அப்படியே வரக் கூடாதுன்னு காலையில நார் போட்டுத் தேய்ச்சுட்டா."

அண்ணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்படித் தேய்க்கக் கூடாது. ஆனா இன்னைக்கு நல்லதாப் போச்சு. செதில் இல்லேன்னா உள்ள தெளிவாத் தெரியும்."

கைக்குள் அடங்கும், விளக்கு வைத்த ஒரு லென்ஸ். டெர்மோஸ்கோப்பாம். நகத்தில் பசை தடவி அதை வைத்ததும் பக்கத்துத் திரையில் நகம் வயல்வெளியாக விரிந்தது. எங்கும் பொடிக் குழிகள். நகம் தூக்கிய இடத்தைச் சுற்றிச் சிவந்த ஓரம்.

"பூஞ்சைன்னா இந்த ஓரம் முள்ளு முள்ளா இருக்கும். இங்க அப்படி இல்லை பாருங்க."

லென்ஸ் முழங்கைக்குப் போனது. சிவந்த பரப்பில் சிவப்புப் புள்ளிகள், யாரோ அளந்து அளந்து வைத்ததுபோல் சீராக.

"அதெல்லாம் உங்க ரத்தக் குழாயோட நுனிங்க."

அண்ணி மூச்சு விட மறந்து பார்த்தாள். அசிங்கம் என்று அவள் முந்தானைக்குள் மறைத்து வைத்த தோலுக்குள் இத்தனை ஒழுங்கா? "இவ்வளவும் எனக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டாள்.

"உங்களுக்குள்ளதான். இது சோரியாசிஸ்மா, தோல்லயும் நகத்துலயும் வர்ற வியாதி. யாருக்கும் ஒட்டாது."

"அப்போ மாவுல கை வைக்கலாமா?"

"தாராளமா. நகம் அடிபடாம, கையுறை போட்டுக்குங்க. மருந்து மெதுவாத்தான் கேட்கும்."

சந்தேகத்துக்கு நகத்துண்டையும் ஆய்வுக்கு அனுப்பினார். அதிலும் பூஞ்சை இல்லை என்று வந்தது.

முடிவு வந்த அன்றே அவள் கடைக்குப் போய், "ஒட்டாதாம் தம்பி," என்றாள். கொழுந்தன் பிசைந்துகொண்டிருந்த மாவைப் பாதியாக வெட்டி அவள் பக்கம் தள்ளினான். அவளுக்கு அழுகை வந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு மாவை ஓர் அழுத்து அழுத்தினாள்.

"தண்ணி ஜாஸ்தி தம்பி," என்றாள். "ஒரு வருஷமா இதையா வித்தே?"