எங்கள் வீட்டில் ஏசி ஆகாது

திண்டிவனத்தில் எங்கள் காரைப் பார்க்கும் மெக்கானிக், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏசி வேணுமா, வேணாமா சார்?" என்று கேட்டார். பல வருடங்களாகப் போடாமலே வைத்திருந்ததில் கேஸ் போய்விட்டதாம். கம்ப்ரசரில் பேரிங் கத்துகிறதாம். ஒன்று செலவு பண்ணிச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் ஏசிக்கான பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும்.

நான் யோசிக்கவே இல்லை. "எங்க வீட்ல ஏசி ஆகாதுப்பா, வாந்தி வந்துடும். கழட்டி வுட்ரு" என்றேன்.

வீட்டில் என்றால் என் மனைவி. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கல்யாணமான புதிதில், அவள் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது, வாடகைக் காரில் கெடாரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போனோம். ஏசி வாடை பட்டதும் வாந்தி எடுத்தாள். அன்றைக்கே முடிவாகிவிட்டது, இவளுக்கு ஏசி ஆகாது. சொந்தமாகப் பழைய கார் ஒன்று வாங்கிய பிறகும் அதே பேச்சுதான். சொந்தக்காரர்கள் யாராவது ஏறி உட்கார்ந்து, "கொஞ்சம் ஏசி போடக்கூடாதா?" என்று கேட்டால், நான் அவளைக் கைகாட்டுவேன். அவள் சிரித்துக்கொண்டே கண்ணாடியை இறக்குவாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். ஒருமுறை என் மேலதிகாரியையும் அவர் மகளையும் ஒரு கல்யாணத்துக்கு இதே காரில் அழைத்துப்போனேன். அவருக்காக வழியெல்லாம் ஏசி ஓடியது. பின்சீட்டில் இருந்த என் மனைவி வாந்தியும் எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை. அவர் மகளோடு நன்றாகப் பேசிக்கொண்டுதான் வந்தாள். அதை நான் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து மறுபடியும் அவளுக்கு ஏசி ஆகாது.

பெல்ட்டைக் கழற்றியது மாசி மாதம். சித்திரையில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். டிஸ்சார்ஜ் அன்று, விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் காலையிலேயே அனுப்புகிறோம் என்றவர்கள், உச்சிவெயிலில்தான் விட்டார்கள். வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் சாய்ந்தாள். கண்ணாடியை இறக்கினால் அனல், ஏற்றினால் வேக்காடு. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசை நகரவே இல்லை. பக்கத்து லாரியின் புகை நேராக அவள் முகத்துக்கு வந்தது. இருமல் வந்தால் தையல் இழுக்கும். இருமலை அடக்கி அடக்கி அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏசிய கொஞ்சம் போடுங்களேன்" என்றாள். அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் என்ன ஜென்மமோ, அப்போதும் என் வாயில் வந்தது இதுதான்: "உனக்குத்தான் ஏசி ஆகாதே."

"அது பிள்ளைத்தாச்சியா இருக்கசொல்லோ. அப்ப எனக்கு சோத்து வாடையே ஆவாது. நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தீங்க."

"நீ சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? பெட்ரோலு, மைலேஜுன்னு ஆரம்பிப்பீங்க. அந்தப் பேஜாருக்கு வெயிலே தேவலாம்னு வுட்டுட்டேன்."

பெல்ட்டைக் கழற்றிவிட்டதை அப்போதுதான் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். "சரி, வண்டிய எடுங்க. பின்னாடி ஹாரன் அடிக்கிறான்" என்றாள். திண்டிவனம் வரும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது.

அந்த வாரமே மெக்கானிக்கிடம் போய் நின்றேன். "வீட்ல ஆவாதுன்னீங்களே சார்?" என்று கேட்டார். "எனக்குத்தான்யா ஆகாது" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். வேறு கம்ப்ரசர் போட்டு, கேஸ் ஏற்றி, புது பெல்ட் மாட்டிக் கொடுத்தார்.

அடுத்த முறை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, விழுப்புரம் தாண்டியதும் கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டேன். காற்று வரும் இடத்தில் கையை நீட்டி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் காரில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. தூசிக்கும் புகைக்கும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறவள் எப்படித் தூங்குவாள்? வாய் லேசாகத் திறந்திருந்தது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். எழுப்ப மனம் வரவில்லை. இன்ஜினை அணைத்தால் குளிர் நின்றுவிடும் என்று, ஓடவிட்டபடியே உட்கார்ந்திருந்தேன்.

சட்டென்று விழித்தாள். வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பதறிப்போய்க் கையை நீட்டி ஏசியை அணைத்தாள்.

"தூங்கிட்டேங்க. நீங்களாவது நிறுத்தியிருக்கக் கூடாதா? எம்மாம் பெட்ரோல் போயிருக்கும்" என்றாள், ஏதோ தப்புச் செய்தவளைப் போல.