வாசற்காவலன் பேசிய பத்தொன்பது விநாடிகள்

கிளெமென்ற் அந்தோனிப்பிள்ளை 1928 ஓகஸ்ட் 9 அன்று யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தார். இதை அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்து எழுதுகிறேன். 1949இல் கொழும்பில் ஒரு நோர்வே சரக்குக் கப்பலில் சமையலறை உதவியாளராகச் சேர்ந்தார். 1951 ஒக்டோபர் 14 அன்று நியூயோர்க்கில் கரைக்குப் போனவர் கப்பலுக்குத் திரும்பவில்லை. கப்பல் பதிவில் அவர் பெயருக்கு நேரே ‘காணவில்லை’ என்று இருக்கிறது. இதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் தாள் உண்டு. அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு அவருடைய வாய் மட்டுமே சாட்சி.

அந்த ஆறு ஆண்டுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடித்ததாக அவர் சொன்னார். அவர் பாத்திரம் கழுவிய உணவுக்கடைக்கு எதிரே நாடகங்கள் ஒளிபரப்பும் கட்டடம் இருந்ததாம். அரேபியனோ எகிப்தியனோ தேவைப்பட்டால் தெருவைக் கடந்து வந்து இவரைக் கூட்டிப்போவார்களாம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய பட்டியலில் முப்பத்தொரு வேடங்கள் உள்ளன. அநேகமாகக் காவலர், வேலைக்காரர். நான்கு பிணங்கள். ஒரேயொரு வேடத்தில் மட்டும் பேசினாராம், அதுவும் தமிழில்.

அக்காலத்து நாடகம் படம்பிடித்துப் பிறகு காட்டுவதல்ல. நடிக்கும் அதே நேரத்தில் இலட்சக்கணக்கான வீடுகளில் தெரியும். நிறுத்த முடியாது, திருத்த முடியாது. ஒருமுறை பிணமாகக் கிடந்த இவருடைய மூக்கில் ஈ குந்தியது. இரண்டு நிமிடம் மூச்சை அடக்கிக் கிடந்தாராம். இன்னொரு முறை காட்சி முடிந்துவிட்டதென்று பிணம் எழும்பி நடந்துபோனதை நாடே பார்த்ததாம்.

1957இல் மறுபடி நோர்வேக் கப்பலொன்றில் ஏறி ஒஸ்லோ வந்தார். துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். ஓய்வுபெற்ற 1989இல், வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் அகதியாக இருந்த யோகாம்பாளை மணந்தார். அவருக்கு அறுபத்தொரு வயது, யோகாம்பாளுக்கு நாற்பத்தைந்து. ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடியில் இருந்தார்கள்.

சனிக்கிழமைகளில் பின்னேரம் இரண்டு மணிக்குக் கட்டடத்தின் கீழறையில் தமிழர் நாங்கள் கூடுவோம். 2003 நவம்பர் 22 அன்று, ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதியான ஜெயரத்தினம் வழமைபோலத் தொடங்கினார்.

“கிளெமென்ற் அண்ணை, அமெரிக்கன் ரிவியிலை தமிழ் கதைச்சனீங்கள் எண்டால், அவங்கள் அதுக்குப் பிறகு ரிவியை நிப்பாட்டேல்லையோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். யோகாம்பாள் சிரிக்கவில்லை. வெளியே மின்தூக்கிக்கு நின்றபோது அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

“இனி உதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பதினாலு வருசம் உங்களோடை சேர்த்து என்னையும் சிரிக்கினம். எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ. நடிச்சனீங்களோ?”

“ஓமப்பா.”

“என்ன கதைச்சனீங்கள்?”

“ஏதோ, வாயிலை வந்ததை.”

யோகாம்பாள் மின்தூக்கிக்குள் ஏறி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் கிளெமென்ற் என் கதவைத் தட்டினார். “மற்றவை சிரிக்கட்டும். அவ நம்பவேணும். நீர் தாள், திகதி எண்டு திரியிற ஆள். ஏதும் செய்யேலுமோ?”

தமிழ் பேசி நடித்த ஆண்டு அவருக்கு நினைவில்லை. ஆனால் அன்று கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். காலையில் கோயிலில் நெற்றியில் பூசிய சாம்பலை, ஒப்பனை செய்த பெண் ஈரத்துணியால் துடைத்தது நினைவிருந்தது. 1952 முதல் 1957 வரை அந்த நாள் வந்த ஆறு திகதிகளையும் கணித்து, பழைய ஒளிபரப்புகளைச் சேமிக்கும் அமெரிக்க நிலையமொன்றுக்கு 2004 ஜனவரி 12 அன்று எழுதினேன். ஏப்ரல் 19 அன்று பதில் வந்தது. தூரத்து மாநிலங்களுக்கு அனுப்புவதற்காக, சில நாடகங்களை ஓடும்போதே தொலைக்காட்சித் திரைக்கு முன்னால் கமெரா வைத்துப் பிடித்திருக்கிறார்கள். 1954 மார்ச் 3இல் ஒளிபரப்பான பாலைவன அரசன் கதையொன்று அப்படித் தப்பியிருந்தது.

ஜூன் 12, சனிக்கிழமை. கீழறையில் இருபத்தாறு பேர். அந்த நிலையம் பிரதி எடுத்து அனுப்பிய இறுவட்டைத் தொலைக்காட்சியில் போட்டோம்.

கூடாரம், அரசன், ஈட்டியோடு ஒரு வாசற்காவலன். படம் மழைநீருக்குள் பார்ப்பதுபோல இருந்தது. காவலனுக்குக் கண்வரை தலைப்பாகை, மார்புவரை ஒட்டுத்தாடி. முகமே தெரியவில்லை.

“உது நான்,” என்றார் கிளெமென்ற்.

“உந்தத் தாடிக்குள்ளை ஆரும் இருக்கலாம் அண்ணை. நானாயும் இருக்கலாம்,” என்றார் ஜெயரத்தினம்.

யோகாம்பாள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். நாற்பது நிமிடம் காவலன் அசையாமல் நின்றான். நாற்பத்தோராவது நிமிடத்தில் அரசன் எழுந்து, கையை உயர்த்தி, வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. மறந்துவிட்டான். அவன் கண்கள் இங்கும் அங்கும் ஓடின. ஆறு விநாடி. ஒரு தேசமே பார்த்துக்கொண்டிருக்க, ஆறு விநாடி.

காவலன் ஈட்டியை நிலத்தில் குத்தினான். முன்னால் வந்து வணங்கினான்.

“ராசா, வாளி கிணத்துக்கை விழுந்திட்டுது. கயிறும் அறுந்துபோச்சு.”

அறையில் ஒருவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அரசன் இன்னும் விழித்துக்கொண்டு நின்றான். காவலன் மெல்ல அவனை விட்டுத் திரும்பினான், எங்கள் பக்கமாக.

“நான் குருநகர் அந்தோனிப்பிள்ளையின்ரை மகன் கிளெமென்ற். அம்மா, நான் கடலிலை சாகேல்லை. இஞ்சை இருக்கிறன். சுகமாய் இருக்கிறன்.”

பயங்கரச் செய்தி கேட்டவன்போல அரசன் தலையசைத்தான். வசனம் திரும்பி வந்துவிட்டது. நாடகம் ஓடியது.

அன்றிரவு அதைக் கேட்ட எத்தனையோ இலட்சம் பேரில் ஒருவருக்கும் அது விளங்கியிருக்காது. ஐம்பது ஆண்டும் மூன்று மாதமும் ஒன்பது நாளும் கழித்து, கடல் தாண்டி, அது விளங்கும் ஆட்களிடம் வந்து சேர்ந்தது. என் எண்பது ஆண்டு வாழ்க்கையில் இதற்கு ஈடாக ஒன்றை நான் கண்டதில்லை.

ஜெயரத்தினம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். யோகாம்பாள்தான் முதலில் பேசினார்.

“மாமி அறிஞ்சவவோ?”

“ஊரிலை ஏது ரிவி? கள்ளமாய் இருந்தபடியால் பிடிச்சிடுவாங்கள் எண்ட பயத்திலை கடிதமும் போடேல்லை. கப்பலிலை ஏறினாப்பிறகுதான் எழுதினன். அம்மா அதுக்கு முதல் வருசமே போயிட்டா.”

“இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீரும் சிரிப்பீர் எண்டு பயம்.”

யோகாம்பாள் கைப்பையைக் கீழே வைத்தார். கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டார்.

“திரும்பப் போடுங்கோ,” என்றார் என்னிடம். “ஜெயரத்தினம் அண்ணை, அந்த லைற்றை நூருங்கோ, இருட்டிலை வடிவாய்த் தெரியட்டும்.”

அந்த இடத்தை நான்கு முறை போட்டோம். பேச்சு பத்தொன்பது விநாடி. நான்காம் முறை, காவலன் ஈட்டியைக் குத்துமுன்னரே, யோகாம்பாள் முன்னால் சாய்ந்து அவனுக்கு எடுத்துக்கொடுத்தார்: “ராசா, வாளி...”