வாசலிலிருந்து திரும்பி

வேன் கீழே ஹாரன் அடிக்கிறது. பரீட்சைக்குக் கிளம்பிய என் மகள், வாசலில் பூனை குறுக்கே ஓடியதும் திரும்பி வந்து தண்ணீர் குடிக்கிறாள். டம்ளர் பல்லில் தட்டுகிறது.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில், என் பரீட்சை நாட்களில் தயிரும் சர்க்கரையும் ஊட்டிவிட்டு, அம்மா வாசலில் நின்று தெருவைப் பார்ப்பாள்.

"சகுனம் சரியில்லடா. உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

எவர்சில்வர் டம்ளர் என் பல்லிலும் இப்படித்தான் தட்டும். கேள்வித்தாளைப் பார்க்கும் முன்பே கை வேர்த்துவிடும்.

"லீவு போட்டுடட்டுமாப்பா?" என்கிறாள் மகள்.

அம்மா போன பிறகு பிறந்தவள் இவள். ஆபீஸ் கிளம்பும்போதெல்லாம் வாசலிலிருந்து திரும்பி வந்து தண்ணீர் குடிக்கும் என்னைத்தான் பார்த்திருக்கிறாள்.

வேன் போய்விட்டது. காலி டம்ளரை நீட்டுகிறாள். நான் நிரப்பிக் கொடுக்கிறேன்.