கையில் கொடுத்த பீஸ் கட்டை

புதிதாக வெட்டிப்போட்ட புளியமரத்துக்கு ஒரு பச்சை வாசனை உண்டு. இட ஒதுக்கீடு கேட்டு, ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுச் சாலை மறியல் நடந்த அந்த வருஷம், கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்த ரோட்டில் போனாலும் அந்த வாசனைதான். பஸ் கிடையாது. என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள், தோளில் கனக்கிற டேப் ரெக்கார்டர்...

ரேடியோ விவசாய நிகழ்ச்சிக்கு வெளியூர் ஒலிப்பதிவு செய்யும் தற்காலிக ஆள் நான். நிரந்தரமாக இருந்தது என் குரல்மேல் எனக்கிருந்த கர்வம் மட்டும்தான்.

பம்புசெட் ஸ்டார்ட்டரைப் பற்றி ஒரு நிமிட அறிவிப்பு தயார் செய்யச் சொல்லியிருந்தார்கள். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். திரும்ப வந்ததும் பட்டனை அமுக்க வேண்டும். எப்போது வரும் என்று யார் காத்திருப்பது? பட்டனில் ஒரு குச்சியைச் சொருகி வைத்துவிட்டால், கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், பெட்டியில் இருக்கிற பீஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கரண்டைத் துண்டித்தால் ஒழிய. ஊருக்கு ஊர் இதே வேலைதான். கிணற்றுக்குள் ஆள் இல்லாதவரை வசதிதான்.

வடக்கனந்தலில் கொளஞ்சி, சாமிக்கண்ணு என்று அண்ணன் தம்பி. இருவருக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. உச்சிப்பொழுதில் முறை மாறும். முந்தின வருஷம், கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம், தன் முறைக்கு வந்த சாமிக்கண்ணு மேலே இருக்கிற ஸ்டார்ட்டரைப் பார்க்காமல் கிணற்றுத் திட்டில் இறங்கி மோட்டாரின் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் வந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

குச்சியை எடுக்காமல் போனது அண்ணன்தான் என்றார் தம்பி. எடுத்துவிட்டுத்தான் போனேன் என்று ஊரார் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார் கொளஞ்சி. அன்றோடு பேச்சு நின்றது. ஒருவர் வரப்பைத் தாண்டிப் போன பிறகுதான் மற்றவர் கிணற்றடிக்கு வருவார்.

மோட்டார் சத்தம் வேண்டும் என்றுதான் அந்தக் கிணற்றுக்குப் போனேன். அன்று கொளஞ்சி முறை. "அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே..." என்று முழங்கி முடித்து, போட்டும் காட்டினேன். கொளஞ்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"நல்லாதாங்க பேசறீங்க. ஆனா குச்சி சொருகறவன் இத கேட்டுக்கினே சொருகுவான்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் சொல்லட்டுங்களா?" என்றார். அவர் மனம் நோகக் கூடாதே என்று மைக்கை நீட்டினேன்.

"நான் வடக்கனந்தல் கொளஞ்சி பேசறன். அன்னிக்கி என் மொற முடிஞ்சிது. கரண்டு வந்தா ரெண்டு பாத்தி ஜாஸ்தி பாயட்டும்னு குச்சிய எடுக்காம வூட்டுக்குப் போய்க்கினு இருந்தன். என் தம்பி உள்ள எறங்கிட்டான். அவன் வெரலு போனது என்னாலதான். இல்லன்னு பொய்ச் சத்தியம் பண்ணன். நீங்க யாரும் அப்டி பண்ணாதீங்க. மொற முடிஞ்சா மூணு பீஸ் கட்டையும் புடுங்கி அடுத்த மொறக்காரன் கையில குடுங்க. தரையில வெக்காதீங்க. கையில குடுங்க."

டேப்பை நிறுத்தவே மறந்து நின்றேன்.

"அண்ணே, இத ரேடியோல போட்டா ஊரே கேக்குமே?"

"கேக்கட்டுங்க. அவன் கேக்கணும். நேரா சொல்ல வாய் வர மாட்டேங்குது. நான் இன்னா பண்றது?"

டேப்பை ரேடியோ ஸ்டேஷனில் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எலவனாசூர்கோட்டை தாண்டி ரோட்டின் குறுக்கே மரம். மறியலில் இருந்தவர்கள் பையில் என்ன என்று கேட்டார்கள். ரேடியோ டேப் என்றதும் ஒருவர், "எங்க கோரிக்கைய அதுல சொல்வீங்களா?" என்றார். நான் தற்காலிக ஆள் என்றேன். அவரே சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

ஸ்டேஷனில் அதிகாரி இரண்டு தடவை கேட்டார். பிறகு கத்தரித்தார்... என் குரலை. முழுசாக. கொளஞ்சியின் பேச்சில் ஒரு இருமலைக்கூட எடுக்கவில்லை. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஓடுமா என்று தெரிந்துகொள்ள ஊரே ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. செய்திக்கு முன்னால் தினமும் கொளஞ்சி பேசினார்.

ஒரு மாதம் கழித்து, பஸ் ஓடத் தொடங்கியதும், போனேன். உச்சி வெயில். கொளஞ்சி மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளைப் பீங்கான் வெயிலில் மின்னியது. சாமிக்கண்ணு வரப்பில் வந்தார். மூன்று விரல் கையை நீட்டினார். அண்ணன் ஒவ்வொன்றாக வைத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"மூணும் இருக்குதா?"

"இருக்குதுண்ணா."

அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அண்ணன் என்கிற வார்த்தை. அதன்பிறகு எத்தனையோ அறிவிப்புகள் என் குரலிலேயே வந்தன. ஒன்றும் நினைவில் இல்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். கொளஞ்சி இப்போது இல்லை. அதே கிணறு, புது மோட்டார். சாமிக்கண்ணுவின் மகன் சென்னையில் இருந்தபடியே செல்போனில் மோட்டாரைப் போடுகிறான். குச்சி வேண்டாம், கட்டை வேண்டாம், முறை மாற்ற யாரும் வர வேண்டாம். நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் போடுவதற்கு முன்னால் அப்பாவுக்குப் போன் செய்தாக வேண்டும். அது சாமிக்கண்ணு போட்ட சட்டம். நான் இருந்தபோதே போன் வந்தது. எழுந்து தடியை ஊன்றிக் கிணற்றடிவரை நடந்து போய், குனிந்து உள்ளே பார்த்தார். மூன்று விரலில் போனைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"யாரும் இல்லப்பா. போடு."

மோட்டார் ஓடியது. அவர் உடனே திரும்பி வரவில்லை. அண்ணன் கட்டைகளோடு வழக்கமாக நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.